தங்கமும் தராசும்

வானத்து நிலவு தேய்வது ஏன்? புராணிகரிடம் விடை உண்டு. தக்கனுக்கு இருபத்தேழு பெண்மக்கள். இருபத்தெழுவரையும் சந்திரன் மணந்தான். மணந்தவன், உரோகிணி ஒருத்தியிடமே உள்ளத்தைப் பறிகொடுத்தான். ஏனைய இருபத்தறுவரும் தந்தையிடம் சென்று கண்ணீர் வடித்தனர். மாமன் சினந்தான், 'தேய்க!' எனச் சபித்தான். சந்திரனைக் க்ஷயரோகம் பற்றிக்கொண்டது! கதை கோயில் மண்டபத்தோடு நின்றுவிடவில்லை. சரக சம்ஹிதை எனும் மருத்துவ நூலிலேயே இடம்பிடித்தது. 'ராஜயக்ஷ்மா' என்று நோய்க்கு அரச பட்டமும் கிடைத்தது.

நகைக்கிறோம். நகைக்கத்தான் வேண்டும். மாமன் சபித்தான், மருமகன் நுரையீரல் அரிக்கப்பட்டது என்று நம்புகிறவன் மருந்தையா தேடுவான்? மாமனின் சினத்தைத் தணிக்கும் மந்திரத்தைத் தேடுவான். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், பெர்லின் நகரில் இராபர்ட் கோக் எனும் அறிஞர், இந்நோய் சாபத்தால் வருவதன்று, நுண்ணோக்கியில் காணத்தக்க கோல் வடிவக் கிருமியால் வருவது என்று காட்டினார். அன்றே சாபம் செத்தது.

சாபம் செத்தது; மூடநம்பிக்கையும் உடன்கட்டை ஏறிற்றா? இல்லை, தோழர்களே, இல்லை! அது காவியைக் களைந்து வெள்ளை அங்கி அணிந்துகொண்டது. மந்திரக் கோலைக் கீழே போட்டு ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றையே இங்கே எழுத முற்படுகிறோம். புராணத்தைக் கண்டு நகைப்பது பகுத்தறிவின் முதல் பாடம். மருத்துவமனையில் தரப்படும் மருந்தையும் 'நீ மெய்தானா?' என்று கேட்டு நிறுத்துப் பார்ப்பது இரண்டாம் பாடம். முதற்பாடத்தோடு பள்ளியை விட்டு நின்றுவிட்டவர் நம்மிடையே பலர்.

1924-ஆம் ஆண்டு. டென்மார்க் நாட்டிலே மொல்கார்டு என்னும் பேராசிரியர் 'சானோகிரைசின்' என்றொரு மருந்தைக் கொணர்ந்தார். அதில் இருந்தது என்ன? தங்கம்! காசநோயாளியின் குருதியிலே தங்கத்தின் கூட்டுப்பொருள் ஒன்றை ஊசி வழியே செலுத்தினால் நோய் அகலும் என்றனர். நம் நாட்டில் தங்க பஸ்பம் உண்டால் மேனி மின்னும் என்று நம்புகிறவனைப் பாமரன் என்கிறோம். ஐரோப்பாவின் பட்டம் பெற்ற மருத்துவர்களும் அந்த மஞ்சள் மாயையில்தான் மயங்கினர். பத்தாண்டுக் காலம் தங்க ஊசி உலா வந்தது. நலம் பெற்றோர் இருந்தனர். நன்றி நவின்றோரும் இருந்தனர். 'எனக்கு அது கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டேன்' என்று கூறுவோர் ஊருக்கு நால்வர் இருந்தால், மறுத்துப் பேச எவருக்கு வாய் வரும்?

வாய் வராத இடத்திலேதான் அறிவு வேலை செய்ய வேண்டும். காசநோய் ஒரு விந்தையான நோய். மருந்தே இல்லாத நாட்களிலும் சிலருக்குத் தானாகத் தணிந்தது, சிலருக்கு ஏறி இறங்கிற்று, சிலரைக் கொன்றது. தணியும் நேரத்தில் ஊசி போட்டிருந்தால் புகழ் ஊசிக்கு. தாயத்துக் கட்டியிருந்தால் புகழ் தாயத்துக்கு! காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் கிளியனூர்ப் பக்கத்துப் பனந்தோப்புச் சிறுவனும் அறிவான். பழுத்த பழம் காகம் வராவிட்டாலும் விழும். ஆனால் காகத்தைக் கண்டவன் காகத்தைத்தான் கும்பிடுவான். இறந்தவர்களோ சாட்சி சொல்ல வருவதில்லை. பிழைத்தவனின் நாக்கு ஊரெல்லாம் பேசுகிறது. மாண்டவனின் மௌனம் இடுகாட்டோடு அடங்கிவிடுகிறது.

அப்படியானால் உண்மையை எப்படி அறிவது? நம் தென்னாற்காட்டு உழவரிடமே கேட்போம். புதிய உரம் ஒன்று வந்திருக்கிறது. அதை ஏரிப் பாசன நிலத்திலே போடுகிறான் ஒருவன். போடாத நிலம் மானாவாரி மேட்டு நிலம். மேட்டில் மணிலா வாடிற்று. பள்ளத்தில் பயிர் செழித்தது. 'பார் உரத்தின் பெருமையை!' என்றால், உழவன் சிரிக்கமாட்டானா? 'ஐயா, உரத்தைப் புகழ்கிறீரா, ஏரித் தண்ணீரைப் புகழ்கிறீரா?' என்று கேட்பான். ஒரே நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு உரம் என்பதை நம் விருப்பப்படி முடிவு செய்யாமல் திருவுளச் சீட்டுப் போட்டு முடிவு செய்தால்தான் விளைச்சல் பேசும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திலே 1920-களில் ரொனால்டு ஃபிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர் வகுத்த முறை இதுதான். வயலில் விளைந்த அந்த அறிவு, பின்னர் மருத்துவமனைக்குள் நுழைந்தது.

தங்கத்தின் தலைவிதியையும் இப்படியொரு சோதனையே முடிவு செய்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆம்பர்சன் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் 24 நோயாளிகளை, நோயின் நிலை ஒத்திருக்குமாறு இரு அணிகளாகப் பிரித்தனர். எந்த அணிக்குத் தங்கம் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்தனர். ஓர் அணிக்குத் தங்க ஊசி; மற்ற அணிக்கு வாலைவடி நீர் ஊசி. தமக்கு எது கிடைத்தது என்று நோயாளிகள் அறியார். 1931-இல் முடிவு வெளிவந்தது: தங்கத்தால் நன்மை இல்லை; நஞ்சின் தீங்கு உண்டு! சுண்டிவிடப்பட்ட ஒரு சிறு காசு, தங்கத்தின் மதிப்பைத் தரைமட்டமாக்கிற்று. எத்தனை மருத்துவரின் நற்சான்று, எத்தனை நோயாளியின் நன்றியுரை! அத்தனையும் ஒரு நேர்மையான ஒப்பீட்டின் முன் நிற்கவில்லை.

அடுத்து வந்தது உண்மையான மருந்து. 1944-இல் ஸ்டிரெப்டோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. போரினால் நலிந்திருந்த பிரிட்டனுக்குக் கிடைத்த மருந்து மிகக் குறைவு. எல்லோருக்கும் கொடுக்க இயலாது. யாருக்குக் கொடுப்பது? செல்வருக்கா, செல்வாக்குடையாருக்கா? பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியலாளரின் யோசனைப்படி, மூடி முத்திரையிட்ட உறைகள் முடிவு செய்தன. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் அணியில் இறந்தோர் 4. இரண்டாம் அணியில் 14. 1948-இல் இம்முடிவு அச்சேறியது. மருந்து மெய்!

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் மாண்டிருந்தனர். தொடக்கத்தில் கண்ட பெரு வேறுபாடு தேய்ந்துவிட்டது. காரணம், ஒற்றை மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டதே. எனவேதான் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பிறந்தது. ஆறு மாதக் கணக்கோடு ஏட்டை மூடியிருந்தால் இந்தப் பாடம் கிடைத்திருக்குமா? மருந்தை நிறுக்கும் தராசிலே காலமும் ஓர் எடைக்கல் என்பதை மறத்தல் கூடாது.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். திண்டிவனத்தில் இரயிலேறி எழும்பூருக்குச் செல்வோர், தாம்பரத்தை அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' என்ற பலகையைக் கண்டிருப்பர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து என்னும் தமிழர் அங்கே காசநோய் மருத்துவ விடுதியை அமைத்ததன் நினைவு அது. நல்ல காற்று, நிறைந்த ஓய்வு, ஊட்டமான உணவு, ஊரைவிட்டு ஒதுங்கிய இடம் – இவையே காசநோய்க்குக் கதி என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் ஜெர்மானிய மருத்துவர் பிரேமர் விடுதி கண்ட நாள் முதல் உலகம் நம்பிற்று. நன்னோக்கம் கொண்ட நம்பிக்கைதான். ஆனால், நோயாளிகளோ இலட்சக்கணக்கில், கட்டில்களோ ஆயிரக்கணக்கில். குடிசைவாழ் கூலித் தொழிலாளி, ஓராண்டுக் காலம் விடுதியிலே படுத்திருந்தால் அவன் வீட்டில் அடுப்பெரிவது எப்படி? படுக்கை கிடைத்தவன் பாக்கியசாலி. கிடைக்காதவனுக்கு 'விதி' என்ற ஒற்றைச் சொல்தான் மருந்தாக இருந்தது.

1956-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு நிலையம் உருவாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்து அமைத்த காசநோய் மருந்து மருத்துவ நிலையம் அது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் விளங்குவது அதன் தொடர்ச்சியே. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முன்னின்று நடத்திய அந்நிலையம் கேட்ட கேள்வி எளியது. ஆனால் ஒரு நூற்றாண்டு நம்பிக்கையின் ஆணிவேரையே அசைப்பது. 'மருந்து ஒன்றாகவே இருக்குமாயின், விடுதியில் படுத்திருப்பவனுக்கும் வீட்டில் இருப்பவனுக்கும் குணத்திலே வேறுபாடு உண்டா?'

சென்னை நகரத்து ஏழை மக்களிலே 193 நோயாளிகள் எடுத்துக்கொள்ளப்பட்டனர். யார் விடுதிக்கு, யார் வீட்டுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையே முடிவு செய்தது. இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்! மருத்துவரே தேர்ந்தெடுத்திருந்தால், இரக்கம் மேலிட்டு நலிந்தவரை விடுதிக்கு அனுப்பியிருப்பார். அல்லது பிழைக்கக்கூடியவரை அனுப்பியிருப்பார். எப்படியாயினும் தராசின் ஒரு தட்டு முன்கூட்டியே தாழ்ந்திருக்கும். இரக்கமும் ஒரு பக்கச் சாய்வுதான். சீட்டுக்கு இரக்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை. சாதி தெரியாது, சம்பளம் தெரியாது.

இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகள் ஓராண்டுக் காலம். விடுதியில் இருந்தோர்க்கு நல்ல உணவு, முழு ஓய்வு, செவிலியர் கண்காணிப்பு. வீட்டில் இருந்தோர்க்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த உணவு, குடும்பக் கவலை. மருந்தை உண்கிறார்களா என்றறிய ஊழியர் முன்னறிவிப்பின்றி வீடு சென்றனர்; மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரைச் சோதித்தனர். நம்பிக்கை வேறு, சரிபார்த்தல் வேறு என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

1959-இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள், விடுதியில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். 'ஆறு குறைகிறதே' என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி, கேட்கத்தான் வேண்டும். ஒரு காசை நூறு முறை சுண்டினால் ஐம்பது தலையும் ஐம்பது பூவும் சரியாக விழுவதில்லை. ஒவ்வோர் அணியிலும் நூறு பேருக்குக் குறைவாக இருக்கும்போது, ஐந்தாறு பேரின் வேறுபாடு தற்செயலாகவும் எழக்கூடும். அதனால்தான் அவர்கள் ஏட்டை மூடவில்லை. ஐந்தாண்டு பின்தொடர்ந்தனர். அந்த ஐந்தாண்டுக் கணக்கிலும், வீட்டில் மருந்துண்டவர் விடுதியில் இருந்தவரைவிடப் பின்தங்கிவிடவில்லை என்பது தெளிவாயிற்று. விடுதி உணவு ஊட்டமானது. அங்கிருந்தோர் எடை கூடினர். ஆயினும் கிருமியை வீழ்த்தியது முட்டையும் பாலும் அல்ல, தவறாது உண்ட மருந்தே என்பதும் விளங்கிற்று.

இதன் பொருள் என்ன? கட்டில் இல்லாத ஏழைக்கு நம்பிக்கை உண்டு என்பது பொருள். பஞ்சணையும் மலைக்காற்றும் இல்லாமலே குடிசையில் குணம் காணலாம் என்பது பொருள். 1962-இல் தொடங்கிய இந்தியாவின் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது. மேலை நாடுகளிலும் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஐரோப்பா விடுதி கட்டக் கற்றுக்கொடுத்தது. சென்னைக் குடிசை, விடுதியின்றிக் குணமாக்கக் கற்றுக்கொடுத்தது!

இதனினும் பெரிய உண்மையொன்று அந்த ஆய்விலிருந்து கிடைத்தது. நம் இளைஞர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய உண்மை அது. காசநோய் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? தனித் தட்டு. தனிக் குவளை. திண்ணையோரப் படுக்கை. பெற்ற குழந்தையைத் தூக்கத் தடை. மருமகளுக்கு வந்தால் பிறந்தகத்துக்கு வண்டி! சாதியால் ஒருவனைத் தீண்டாதே என்பதை எதிர்த்து முழங்குகிறவன் வீட்டிலேயே, நோயால் தீண்டாமை நடுக்கூடத்தில் பாய் விரித்திருக்கும். கேட்டால், 'அது வேறு, இது அறிவியல்' என்பான்.

அறிவியலா? அறிவியல் என்ன சொன்னது என்று பார்ப்போம். வீட்டில் மருந்துண்டவரின் குடும்பத்தாரையும், விடுதிக்குச் சென்றவரின் குடும்பத்தாரையும் அந்நிலையத்தார் ஐந்தாண்டு கண்காணித்தனர். நோயாளியை ஓராண்டுக் காலம் பிரித்து வைத்த வீடுகளைவிட, அவரோடு கூடி வாழ்ந்த வீடுகளில் புதிதாக நோய் கண்டோர் அதிகமில்லை! 1966-இல் இது அச்சில் வந்தது. ஏன் அப்படி? நோய் இன்னதென்று கண்டறியுமுன்பே, இருமிக்கொண்டிருந்த நாட்களில் பரவ வேண்டியது பெரும்பாலும் பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகிறது. ஆகவே வீட்டாரைக் காப்பது தட்டைப் பிரிப்பதன்று. நோயை விரைவில் கண்டறிவதும், மருந்தை விடாது தருவதும், வீட்டார் அனைவரையும் சோதிப்பதுமே. இருமும்போது வாயை மூடுவது நன்று. மனிதனை மூலையில் மூடுவது வேண்டாதது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடக்கூடும். 'ஏழைகளைச் சோதனைப் பொருளாக்கினார்களே, இது நீதியா?' என்று. அலட்சியம் செய்யத்தக்க கேள்வியன்று. ஏழையின் உடல் எவருடைய விளையாட்டுப் பொருளும் ஆகக்கூடாது. அறிந்து இசைவு தருவதும், வேண்டாமெனில் விலகுவதும், கிடைத்த பயனில் பங்கு பெறுவதும் அவனுடைய உரிமை. இவை மீறப்படும் ஆய்வை எதிர்ப்போரில் முன்வரிசையில் நிற்போம். ஆனால் மறுபுறத்தையும் நோக்குக: சோதிக்கப்படாத மருந்தை ஊரெல்லாம் கொடுப்பதும் சோதனைதானே? கணக்கு வைக்காத சோதனை. முடிவு தெரியாத சோதனை. இறந்தவரை எண்ணாத சோதனை! தங்க ஊசி பத்தாண்டு நடத்தியது அதைத்தான்.

அடுத்த பாடம் கசப்பானது. பகுத்தறிவாளர் பொறுமையோடு விழுங்க வேண்டியது.

காசநோய்க்குத் தடுப்பூசி பி.சி.ஜி. 1948-இல் இந்தியாவில் தொடங்கிப் பின்னர் பெருந்திட்டமாக விரிந்தது. 1955-இல் அதனை எதிர்த்துக் கிளம்பியவர் இராசாசி. பொதுமக்களுக்கு மொத்தமாக இந்த ஊசி போடுவது தவறென்று பேசினார், நூலும் வெளியிட்டார். குலக்கல்வித் திட்டத்தைத் தந்த அதே இராசாசி! 'அவர் எதிர்க்கிறாரா? அப்படியானால் ஊசி நல்லதாகத்தான் இருக்கும்' என்று முடிவு கட்டுவது எவ்வளவு எளிது! எத்தனை இனிப்பான வழி!

உண்மை அந்த வழியில் வரவில்லை. பிரிட்டனில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு, ஊசி நூற்றுக்கு எண்பது அளவில் காப்பதாகக் காட்டிற்று. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பகுதியில் நடந்த ஆய்வோ பதினான்கு அளவே என்றது. எது நமக்குப் பொருந்தும்? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே உலையில் வெந்த சோற்றுக்குத்தான். இங்கிலாந்து உலைச் சோற்றைத் தொட்டுப் பார்த்துச் செங்கற்பட்டுப் பானையை இறக்கலாமா? ஆகவே 1968-இல், நமக்கு அண்டையிலுள்ள செங்கற்பட்டு மாவட்டத்தில், உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கிற்று. 2,80,000 பேருக்கு மேல் ஊசி போடப்பட்டது. சிலருக்கு உண்மையான தடுப்பூசி. சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. எந்தக் குப்பியில் எது என்பது குறியீட்டு எண்ணுக்குள் மறைந்திருந்தது. போட்டுக்கொண்டவரும் அறியார், போட்டவரும் அறியார்.

1979-இல் முதல் அறிக்கை. 1999-இல் பதினைந்தாண்டு அறிக்கை. வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் இந்த ஊசியால் பயன் காணப்படவில்லை! அறிவியல் உலகமே அதிர்ந்தது. மறைத்தார்களா? இல்லை. அரசும் உலக நிறுவனமும் முன்னின்று நடத்திய ஆய்வு, அவர்கள் விரும்பாத விடையைத் தந்தது. அந்த விடை அச்சேறியது. சாத்திரத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட ஏலுமா? சாத்திரம் பொய்த்தால் 'பக்தி போதவில்லை' என்று பழியைப் பக்தன் தலையில் போடும். அறிவியல் பொய்த்தால் தன் ஏட்டைத் தானே திருத்தும்.

அப்படியானால் இராசாசி வென்றுவிட்டாரா? அவசரம் வேண்டா. 1955-இல் அவர் கையில் செங்கற்பட்டு ஆய்வு இல்லை. ஊசியை ஆதரித்தோர் கையிலும் இல்லை. இரு சாராரும் நிறுக்காத மூட்டைக்கு விலை பேசினர். மேலும், பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும், உடலெங்கும் பரவும் கொடிய வகையிலிருந்தும் பி.சி.ஜி. காக்கிறது என்பதைப் பிற ஆய்வுகள் நிலைநாட்டியுள்ளன. அதனாலேயே இன்றும் நம் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. 'பி.சி.ஜி. நல்லதா, கெட்டதா?' என்பது கூட்டத்தில் கைதட்டல் வாங்கும் கேள்வி. 'எவருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு?' என்பதே அறிவாளன் கேட்கும் கேள்வி. நமக்கு வேண்டாதவர் கூறினார் என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. நமக்கு வேண்டியவர் கூறினார் என்பதால் மெய்யாகிவிடாது. இதை ஏற்க மனம் கூசினால், நாம் பகுத்தறிவைப் பின்பற்றவில்லை. கட்சி கட்டியிருக்கிறோம், அவ்வளவே.

உணவைப் பற்றிய கதைக்கும் பிற்பகுதி உண்டு. குணமாவதற்கு விடுதிச் சாப்பாடு கட்டாயமில்லை என்றது 1950-களின் சென்னை ஆய்வு. அதைப் பற்றிக்கொண்டு, 'ஏழைக்குச் சோறு வேண்டா, மாத்திரை போதும்' என்று ஓர் ஆட்சி சொன்னால் அது அறிவியலன்று; கஞ்சத்தனம். ஜார்க்கண்டு மாநிலத்தில் 2019-இல் தொடங்கிய ஆய்வு வேறொரு கேள்வியைக் கேட்டது: நோயாளியின் வீட்டாருக்கு நல்ல உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டாரைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. கூடுதல் உணவுப் பங்கீடு பெற்ற வீட்டாரிடம் காசநோய் நூற்றுக்கு 39 அளவு குறைந்திருந்தது! குணப்படுத்துவது மருந்து, வருமுன் காக்கத் துணை நிற்பது சோறு. இரண்டு ஆய்வும் முரண்படவில்லை. கேள்விகள் இரண்டு, விடைகளும் இரண்டு. வறுமைதான் காசநோயின் வளர்ப்புத் தாய் என்று மேடைதோறும் சொல்லி வந்தோம். இன்று அது வெறும் முழக்கமன்று. நிறுத்துக் காட்டிய உண்மை.

இனி, இளைஞர் செய்ய வேண்டுவது யாது? நம் ஊர்களிலே இன்றும் மருந்துக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அன்று சந்தைத் திடலில் லேகியக்காரன் கூவினான். இன்று கைப்பேசிக்குள் இருந்து கூவுகிறான். 'ஆயிரம் பேர் குணமடைந்தனர்' என்பான். கேளுங்கள்: எத்தனை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாய்? கொடுக்காதவர் நிலை என்ன? யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்தது நீயா, சீட்டா? குணத்தை அளந்தவனுக்கு, எவர் எதை உண்டார் என்பது தெரியுமா? எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தாய்? நடுவில் விட்டுச் சென்றவரை எண்ணினாயா? விற்பவன் யார், ஆய்வுக்குப் பணம் தந்தவன் யார்? இக்கேள்விகளை நாட்டு மருந்தென்று இளக்காரமாகவோ, இங்கிலீஷ் மருந்தென்று பணிவாகவோ, ஒன்றுக்குக் கூட்டி ஒன்றுக்குக் குறைத்துக் கேட்கக்கூடாது. பச்சிலையானாலும் பளபளக்கும் மாத்திரையானாலும் தராசு ஒன்றே, எடைக்கல் ஒன்றே. நம் மூதாதையர் மருந்து என்பதும் எடையைக் கூட்டாது. வெளிநாட்டுக் கம்பெனி மருந்து என்பதும் எடையைக் கூட்டாது.

இது ஏட்டளவிலான வாதமன்று. காசநோய் மருந்தை இரண்டு மாதம் உண்டதும் இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடல் தேறும். அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வருவான் உபதேசி: 'அந்தச் சூட்டு மாத்திரையை நிறுத்து, இந்தப் பொடியைச் சாப்பிடு!' மாத்திரை நிற்கும். கிருமி மீண்டும் தலைதூக்கும். இம்முறை மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டு வரும். பொடி விற்றவன் அடுத்த ஊருக்குப் போயிருப்பான். குடும்பம்தான் பிணத்தைச் சுமக்கும். அந்த வீட்டு வாயிலில், அந்த நேரத்தில், 'ஐயா, நிறுத்தாதீர். ஆறு மாதமும் முடியுங்கள். ஏனென்றால் இது நிறுத்துப் பார்க்கப்பட்ட மருந்து' என்று சொல்ல ஓர் இளைஞன் இருந்தால், அவனே நம் இயக்கத்தின் மெய்யான சொற்பொழிவாளன். அவன் கையில் ஒலிபெருக்கி வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் நோயாளியின் தட்டில் அவனும் அமர்ந்து ஒரு வாய் உண்டால், அந்த ஒரு வாய்ச் சோறு நூறு கூட்டத்துக்கு ஈடு.

தக்கன் சாபமிட்டான் என்றவர்கள் நிலவைக் காட்டினார்கள். எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. தங்கம் காக்கும் என்றவர்கள் பட்டத்தைக் காட்டினார்கள். ஆம்பர்சன் நிறுத்துப் பார்த்தார். மலைக்காற்றே மருந்தென்றவர்கள் மரபைக் காட்டினார்கள். சென்னையின் 193 ஏழைகள் நிறுத்துக் காட்டினர். பெயர் தெரியாத அந்த 193 பேருக்கும், செங்கற்பட்டுச் சிற்றூர்களில் கை நீட்டி ஊசி ஏற்ற இலட்சக்கணக்கானோருக்கும் சிலை இல்லை, திருவிழா இல்லை. அவர்கள் விட்டுச் சென்றது ஒரு தராசு. அதைத் துருப்பிடிக்க விடாமல் ஏந்திச் செல்லும் பொறுப்பு, தோழர்களே, நம்முடையது.